மானியம் முடியும்போது உதவித்தொகை நிற்காமல் பார்த்துக்கொண்ட விதம்

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, என் மாத உதவித்தொகை, கல்விக் கட்டணம் இரண்டும் வழிகாட்டியின் ஆய்வு மானியத்திலிருந்துதான் வந்தன. ஆய்வு முடியும் முன்பே மானியம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் வயிற்றைக் கலக்கியது.

வழிகாட்டியின் அனுமதியோடு மானியக் கணக்கின் செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். பயணத்துக்கும் ரசாயனங்களுக்கும் ஒதுக்கியதில் கணிசமான தொகை அப்படியே கிடந்தது. பணம் இருந்தது, காலம்தான் இல்லை.

இதற்கென்றே கூடுதல் நிதி இல்லாத கால நீட்டிப்பு இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனமான என்.எஸ்.எஃப். தரும் மானியங்கள் பெரும்பாலானவற்றைப் பல்கலைக்கழகமே ஒருமுறை 12 மாதம் வரை நீட்டிக்கலாம். முடிவுத் தேதிக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். 'மிச்சப் பணத்தைச் செலவழிக்க' என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. எந்த வேலை பாக்கி, ஏன் தள்ளிப்போனது என்று சொல்ல வேண்டும். அளவீட்டுக் கருவி பழுதானதால் நின்றுபோன சோதனைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி அதைத் திருத்தி அனுப்பினார், நீட்டிப்பு கிடைத்தது.

மிச்சம் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உதவித்தொகையின் மேல் பல்கலைக்கழகம் மறைமுகச் செலவுக்கென (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகள்) மானியத்திலிருந்து ஒரு பங்கு எடுக்கும். கல்விக் கட்டணத்தின் மேல் எடுக்காது. எனக்குக் கடைசிப் பருவத்துக்குப் போதவில்லை. அதைக் கற்பித்தல் உதவியாளர் பணி ஈடுகட்டியது. அந்த இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், துறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.