'சாரிட்டி'க்குத் தமிழ் என்ன? குடிமைப் பணித் தேர்வுக் கட்டுரைக்குத் திட்டமிடும் முறை

2023 செப்டம்பரில் சென்னையில் யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வை எழுதி முடித்துவிட்டு மன்னார்குடி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் அது உறைத்தது: கட்டுரைத் தாளில் நான் எழுதிய இரண்டாவது கட்டுரைக்கும் கொடுத்த தலைப்புக்கும் சம்பந்தமே இல்லை. கையெழுத்து நன்றாக இருந்தது, மேற்கோள்கள் இருந்தன, பக்கங்களும் நிறைந்திருந்தன. ஆனால் தலைப்பு கிழக்கே போக, கட்டுரை மேற்கே போயிருந்தது. மதிப்பெண் வந்தபோது அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதைச் சரிசெய்தேன். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்கானது இது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மூன்று மணி நேரம், இரண்டு பிரிவு, பிரிவுக்கு நான்கு தலைப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுரை, கட்டுரைக்கு 125 மதிப்பெண், 1000 முதல் 1200 சொல்.

படி 1: தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஐந்து நிமிடம் போதும். அழகாகத் தோன்றும் தலைப்பை விட்டுவிடுங்கள். எதிர்த்து வாதாட உங்களுக்கு இரண்டு காரணமாவது கிடைக்கிற தலைப்பை எடுங்கள். ஆமாம் சாமி போடத்தான் முடியும் என்கிற தலைப்பில் மூன்றாவது பத்திக்கு மேல் வண்டி ஓடாது.

படி 2: தலைப்பைத் தமிழாக்குதல்

நான் சறுக்கிய இடம் இதுதான். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. தமிழில் எழுதுகிறவர் தலைப்பைத் தானே தமிழாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கென்று யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. மனத்துக்குள் ஒரு நொடியில் மாற்றிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிடுகிறோம்.

2023 தலைப்புகளில் ஒன்றின் சாரம் இது: 'ஜஸ்டிஸ்' அதிகமுள்ள சமூகத்துக்கு 'சாரிட்டி' குறைவாகவே தேவைப்படும். நான் 'சாரிட்டி'யை அறம் என்று எடுத்துக்கொண்டேன். அறக்கட்டளை, அறச்சாலை என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பழக்கம். 'நீதி மிகுந்த சமூகத்துக்கு அறத்தின் தேவை குறைவு' என்று முதல் வரியை எழுதினேன். எழுதும்போதே ஏதோ இடித்தது, ஆனால் கை நிற்கவில்லை.

எங்கே இடித்தது? தமிழில் அறம் என்பது கொடுப்பதும்தான், நியாயம் வழங்குவதும்தான். நீதிமன்றத்துக்குப் பழைய பெயரே அறங்கூறவையம். ஆகவே மூன்றாம் பத்தியில் என் பேனா தானாகவே 'அறம் இல்லாமல் நீதி ஏது?' என்று எழுதிவிட்டது. தலைப்பு எதை இரண்டாகப் பிரித்ததோ, அதை நான் ஒட்டவைத்துவிட்டேன். அதன் பிறகு எழுதியதெல்லாம் நீதிபோதனை வகுப்பு.

இப்போது நான் செய்வது இது. தலைப்பில் உள்ள கனமான சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்தக்கூடிய தமிழ்ச் சொற்கள் மூன்றையாவது வரைவுத் தாளில் எழுதுகிறேன். 'சாரிட்டி'க்கு: தானம், தருமம், ஈகை, கொடை, அறம். 'ஜஸ்டிஸ்'க்கு: நீதி, நியாயம், சட்டம், உரிமை. பிறகு ஒவ்வொரு சோடியாகத் தலைப்பில் வைத்து வாய்விட்டுப் படிப்பேன் (தேர்வறையில் உதடு மட்டும் அசையும்). 'நீதி – தானம்' பொருந்துகிறது. 'சட்டம் – தானம்' என்று வைத்தால் வேறொரு கட்டுரை பிறக்கிறது, அதனால் 'சட்டம்' அடிபடும். அடித்த சொற்களைத் தூக்கி எறியாதீர்கள், அவை பின்னால் உதவும்.

அதே ஆண்டில் இன்னொரு தலைப்பு, பெண் பிள்ளைகளைக் கட்டுப்பாடுகளும் ஆண் பிள்ளைகளை 'டிமாண்ட்'களும் அழுத்துகின்றன என்றது. 'டிமாண்ட்' என்றதும் 'கோரிக்கை' என்று எழுதினால் பையன்கள் கொடி பிடித்துப் போராடுவதாக ஆகிவிடும். அங்கே வேண்டியது 'எதிர்பார்ப்பு'. 2024இல், சந்தேகிப்பவனே உண்மையான அறிவியலாளன் என்ற கருத்தில் ஒரு தலைப்பு வந்தது. சந்தேகம் என்றால் கணவன் மனைவியைச் சந்தேகிப்பதுபோல் ஒலிக்கிறது, ஐயம் என்பதே சரி. ஔவையார் சொன்ன 'ஐயமிட்டு உண்' என்பதில் அதே சொல்லுக்குப் பிச்சை என்று பொருள் வருவது தனிக் கதை, அதில் மயங்கி ஒரு பத்தியை வீணாக்க வேண்டாம்.

இதற்குப் பயிற்சி எடுக்கக் கைப்பேசி அகராதிகளை நான் நம்புவதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை நீட்டிவிட்டு நகர்ந்துவிடும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கிவிடுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் சொல்வதால் எந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பது பிடிபடுகிறது.

படி 3: எதிர்க் கேள்விகள்

தலைப்பைக் கேள்விகளாக உடையுங்கள். நீதி இருந்தால் தானம் வேண்டவே வேண்டாமா? சட்டம் இருந்தால் நீதி இருப்பதாக அர்த்தமா? தானம் கொடுப்பவர் நல்லவராக இருந்தாலும் அது ஏன் போதவில்லை?

அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல் என்று ஆறு பெட்டி போட்டு நிரப்பச் சொல்லும் முறை பயிற்சி வகுப்புகளில் பிரபலம். எனக்கு அது ஒத்துவரவில்லை. பெட்டிகள் நிரம்பும், ஆனால் ஒன்றுக்கொன்று பேசாது. கடைசியில் கையில் இருப்பது பொது அறிவுத் தாளுக்கான நீண்ட விடை.

படி 4: கையில் உள்ளதைக் கொட்டுதல்

கேள்விக்குப் பக்கத்தில் சம்பவம், ஆண்டு, சட்டம், குறள் என்று நினைவுக்கு வந்ததைக் கிறுக்குங்கள். ஏழெட்டு நிமிடம். டெல்டாக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நமக்குக் காவிரிதான் முதலில் வரும். ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்று 2022இல் தலைப்பு கொடுத்திருந்தார்கள். அதை வைத்துப் பழகியபோது, மேட்டூர் திறப்பு, கடைமடை, நடுவர் மன்றம் என்று முழுப் பாசனக் கட்டுரையே எழுதிவிட்டேன். தலைப்போ மாற்றத்தைப் பற்றியது.

படி 5: பத்திக்கு ஒரு வாக்கியம்

கொட்டியதிலிருந்து, பத்திக்கு ஒன்றாக முழு வாக்கியங்களை வரிசைப்படுத்துங்கள். 'சத்திரம்', 'வெண்மணி' என்று ஒற்றைச் சொல்லாக எழுதி வைத்தால், அங்கே போய்ச் சேரும்போது எதற்காக எழுதினோம் என்பது மறந்திருக்கும். நான் கோட்டைவிட்ட அதே தலைப்புக்குப் பின்னால் போட்ட திட்டம் இது:

கஜா புயலுக்குப் பிறகு நிவாரண லாரி எங்கே நின்றதோ, அதுவரைதான் தானமும் போனது.

தஞ்சைத் தரணியில் தானத்துக்கு என்றுமே பஞ்சமில்லை. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது.

ஆனால் 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னால் இருந்தது கூலிக் கோரிக்கை. அவர்கள் தானம் கேட்கவில்லை.

பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952லேயே வந்துவிட்டது. ஆகவே சட்டம் வந்துவிட்டால் நீதி வந்துவிட்டது என்று ஆகாது.

சத்திரத்திலிருந்து சத்துணவுக்கு: 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2001இல் உச்ச நீதிமன்ற ஆணை, 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்று, அதே சோறு மெல்ல மெல்ல உரிமையானது.

ஈகைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரே, இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் 'பரந்து கெடுக உலகியற்றி யான்' என்று சபிக்கிறார்.

இருந்தாலும் புயலின் முதல் இரவில் அரசு வருவதற்கு முன் வந்தது பக்கத்து வீட்டுக்காரரின் கஞ்சிதான்.

நான்காவது வாக்கியத்தைப் பாருங்கள். படி 2இல் அடித்துப்போட்ட 'சட்டம்' என்ற சொல்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. திட்டத்திலேயே வலுவான இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் பத்திக்கு, கண்ணால் பார்த்ததை வைப்பது நல்லது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்கள் முத்துப்பேட்டை போகும் சாலையில் வெளியூர் லாரிகள் வரிசையாக வந்தன. சாலையோர வீடுகளில் ஒரே வீட்டுக்கு மூன்று பாய், நான்கு போர்வை. வாய்க்காலைத் தாண்டி உள்ளே இருந்த தெருவுக்கு மூன்றாம் நாளும் ஒரு மெழுகுவர்த்தி போகவில்லை. கொடுத்தவர்கள் நல்லவர்கள். லாரிதான் மண்பாதையில் திரும்பாது. தானத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கவே தேவையில்லாமல் போயிற்று.

வாக்கியங்களுக்கு இடையே 'ஆனால்', 'ஆகவே', 'இருந்தாலும்' வருகின்றனவா பாருங்கள். எல்லா இடத்திலும் 'மேலும்', 'மேலும்' என்றே வந்தால் அது பட்டியல். திரும்பப் போய் வரிசையை மாற்றுங்கள்.

நேரக் கணக்கு: கட்டுரைக்கு 90 நிமிடம். அதில் 20 திட்டத்துக்கு, 65 எழுதுவதற்கு, 5 படித்துப் பார்ப்பதற்கு. முதல் கட்டுரை 90ஐத் தாண்டினால் அரைகுறையாக இருந்தாலும் முடித்துவிடுங்கள், இரண்டாவதன் நேரத்தில் கை வைக்காதீர்கள். வரைவுக்குப் பென்சில்தான் சரி. அடிக்க யோசிக்க வைக்கும் எதுவும் திட்டமிடுவதற்கு ஆகாது.

பின்சேர்க்கை 1: திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி, 'அண்ணா, எவ்வளவு வேகமாக எழுதினாலும் 1000 சொல் வரவில்லை' என்று எழுதியிருந்தார். நான் இதைச் சொல்லாமல் விட்டது தவறுதான். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவதைத் தமிழில் 'கொடுத்துக்கொண்டிருந்தார்கள்' என்று ஒரே சொல்லாக எழுதிவிடுகிறோம். ஆகவே தமிழில் 1000 சொல்லுக்கு நிறையச் சரக்கு வேண்டும். மேலே உள்ள ஏழு வாக்கியம் எனக்கே போதவில்லை, பழகும்போது ஒன்பதாக்கிக்கொண்டேன். பத்திக்கு 110 முதல் 120 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: கலைச்சொற்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலம் எழுதலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கலைச்சொல்லுக்கு மட்டும் எழுதலாம், அறிவிக்கையிலேயே அனுமதி இருக்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறைப்பார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. தானம், நீதி என்பவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் எழுதிக்கொண்டிருந்தால் அது கலைச்சொல் ஆகாது. காலியாக விட்ட பக்கங்களைக் குறுக்கே அடிக்கவும் மறக்காதீர்கள்.