சேர்ந்து கோடு எழுதறப்போ எழுத்து காணாம போன பிரச்சனை, நான் சரி பண்ண விதம்

சீனியரும் ஜூனியரும் ஒரே எடிட்டர்ல சேர்ந்து கோடு எழுதிக் கத்துக்க ஒரு தளம் கட்டினேன். ஒவ்வொரு கீ அமுக்கும்போதும் முழு ஃபைலையும் வெப்சாக்கெட்ல (பிரவுசரும் சர்வரும் விடாம பேசிக்கற இணைப்பு) அனுப்பினேன், அதுதான் தப்பு, ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் அடிச்சது அழிச்சிடும், கர்சர் வேற எங்கயோ குதிக்கும், கத்துக்க வந்த பொண்ணு பயந்துபோய் டைப் பண்றதையே நிறுத்திட்டா, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

அப்புறம் சேர்ந்து எழுதறதுக்குன்னே இருக்கற ஒய்ஜேஎஸ் (Yjs) லைப்ரரிக்கு மாத்தினேன். அது சிஆர்டிடி (CRDT) முறை, அதாவது பல பேர் ஒரே நேரத்துல மாத்தினாலும் மோதல் இல்லாம தானா சேர்த்துக்கற முறை, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஐடி இருக்கு, அதனால மாற்றங்கள் எந்த வரிசையில வந்து சேர்ந்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நிக்கும். ஆனா கடைசியா எழுதினதை அன்டூ பண்ண (திரும்ப எடுக்க) கன்ட்ரோல் இசட் அடிச்சா அடுத்தவங்க எழுதினதும் சேர்ந்து போச்சு! நான் போட்டிருந்த எடிட்டர் கோட்மிரர், அதோட சொந்த ஹிஸ்டரியை (அன்டூவுக்காக மாற்றங்களை ஞாபகம் வச்சுக்கற பகுதி) எடுத்துட்டு ஒய்ஜேஎஸ்ல இருக்கற அன்டூமேனேஜரை (அன்டூவை கவனிச்சுக்கற பகுதி) போட்டேன், இப்போ அவங்கவங்க எழுதினது மட்டும்தான் அன்டூ ஆகுது. அந்தப் பொண்ணும் திரும்ப வந்து எழுதறா.