எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்காத நெல்லைப் பிள்ளைகளுக்கு மற்ற வாசல்கள்

முதல் சுற்றுக் கலந்தாய்வில் பெயர் வரவில்லை என்றால் அந்த வாரமே ஏஜெண்டுகளின் போன் தொடங்கிவிடும். யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வாசல்கள் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் தனி, அலுவலகம் தனி, கடைசித் தேதியும் தனி. ஒன்று முடியட்டும், அடுத்ததைப் பார்ப்போம் என்று காத்திருந்தால் அடுத்த வாசல் பூட்டிக் கிடக்கும்.

கால்நடை மருத்துவத்தில்தான் இப்படிக் கோட்டை விடுவது அதிகம். நெல்லையை அடுத்த இராமையன்பட்டியிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மார்க்தான். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். விண்ணப்பம் நீட் முடிவு வரும் நேரத்தை ஒட்டியே முடிந்துவிடும். அதனால் நீட் எழுதிய கையோடு இதையும் போட்டுவிடுங்கள்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு நீட் தகுதி கட்டாயம். எம்.பி.பி.எஸ். விண்ணப்பம் இதற்குச் செல்லாது. இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. மூல நூல்கள் பெரும்பாலும் பாடல்களாக இருக்கும், தமிழில் பிடிப்புள்ள பிள்ளைக்கு நல்ல படிப்பு. இங்கிருந்து நடுவில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தாவலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுபடி நீட் எழுதித்தான் ஆக வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் நிறைந்திருக்கும் உதவி பெறும் பள்ளிகள் இதில் வராது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு உரிமை உண்டு.

பெற்றோர் மில்லிலோ ஜவுளிக்கடையிலோ ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருந்தால், அகில இந்தியக் கலந்தாய்வில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் அவர்கள் பிள்ளைகளுக்கென்று சீட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டாளரின் பிள்ளை என்று ஈ.எஸ்.ஐ. தரும் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இதே அகில இந்தியக் கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு கேட்பவர்கள் கையிலுள்ள சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பி.சி., எம்.பி.சி. என்று மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் நாள் பிடிக்கும் என்பதால் கலந்தாய்வு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

வெளிநாடு என்றால் ஏஜெண்டிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி. அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. முடித்தவர் அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி. 2021 விதிப்படி இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடைக்காது. இடையில் கல்லூரி மாறினாலும் சிக்கல்தான். நீட் தகுதி இல்லாமல் போனால் திரும்பி வந்து எதுவும் செய்ய முடியாது. வந்த பிறகு தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும், இங்கேயும் ஓராண்டு பயிற்சி உண்டு. இந்த ஆண்டுகளையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

மறுபடி நீட் எழுதுவதா என்று முடிவெடுக்க, ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துத் தவறான விடைகளை எண்ணுங்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கழிப்பார்கள், 45 தவறு என்றால் 45 மார்க் கையிலிருந்தே போயிருக்கிறது. அதில் பாதி அவசரத்தில் குறித்தது என்றால் இன்னோர் ஆண்டு எழுதிப் பார்க்கலாம். பாடமே தெரியாமல் விட்டது அதிகம் என்றால் கோச்சிங் பணம் கட்டும் முன் நன்றாக யோசியுங்கள். மறுபடி எழுத நினைப்பவர்கள் அகில இந்தியக் கலந்தாய்வில் மிஞ்சிய சீட்டுகளுக்கு நடக்கும் கடைசி ஸ்ட்ரே சுற்றில், சேர விரும்பாத கல்லூரியை விருப்பப் பட்டியலில் போடக் கூடாது. சீட் ஒதுக்கியும் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். அடுத்த ஆண்டு நீட் எழுதவும் தடை வரும்.