சிஏ-125 எண் ஏறிவிட்டால்: சினைப்பைப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ரிவ்யூவுக்குப் போய்வரும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சிஏ-125 என்ற பெயர், அதாவது நோயின் போக்கை அறிய இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதத்தின் பெயர், நன்கு பழகிப்போன ஒன்று. போன முறை 14 என்றிருந்த எண் இந்த முறை 41 என்று வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது இரவு எட்டு மணி ஆகியிருக்கும். மருத்துவரைப் பார்ப்பதற்கோ இன்னும் நான்கு நாட்கள் இருக்கும். அந்த நான்கு நாட்களையும் அதன் பிறகு வரும் வாரங்களையும் எப்படிக் கடப்பது என்பதே இங்கே பேசப்படுகிறது. மற்ற புற்றுநோய்களின் டியூமர் மார்க்கர்களுக்கு, அதாவது சிஏ-125 போல நோயைச் சுட்டிக்காட்டும் இரத்தப் பொருட்களுக்கு, விதிகள் வேறு. உதாரணமாக, விதைப்பைப் புற்றுநோயில் மார்க்கர் ஏறினால் தாமதிக்கவே கூடாது. ஆகவே இங்கே சொல்வதை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது, ரிப்போர்ட்டை நிதானமாகப் படிப்பது. ஒரு மில்லி லிட்டருக்கு 35 யூனிட்டைத் தாண்டிய எந்த எண்ணையும் கணினி தானாகவே தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் ‘அதிகம்’ என்ற குறியைப் போட்டுவிடும். 36-க்கும் 3,600-க்கும் ஒரே குறிதான். அந்த 35 என்ற எல்லை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்டின் குழு வகுத்தது. நோயற்றவர்களிலேயே சுமார் நூற்றில் ஒருவருக்கு எண் அதைத் தாண்டியிருந்ததை அப்போதே அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிஏ-125 புற்றுநோய்க் கட்டியில் மட்டும் உருவாகும் பொருள் அன்று. வயிற்றையும் நுரையீரலையும் இதயத்தையும் சுற்றியுள்ள மெல்லிய உறைகளும் அதைச் சுரக்கின்றன. அதனால் அந்த உறைகளை உறுத்தும் எதுவும், அதாவது அண்மையில் நடந்த வயிற்று அறுவை சிகிச்சை, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு, நம் நாட்டில் மறக்கக் கூடாத வயிற்றுக் காசநோய் ஆகிய எல்லாமே எண்ணை உயர்த்தும். கடந்த சில வாரங்களில் காய்ச்சலோ, தொற்றோ, மருத்துவமனையில் சேர்ந்ததோ இருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இரத்தம் கொடுத்தது வழக்கமான லேபிலா? ஒரே இரத்தத்தை இரு வேறு கருவிகளில் சோதித்தால் இரு வேறு எண்கள் வருவது இயல்பு. மதுரையில் எடுத்த 22-ஐயும் சென்னையில் எடுத்த 33-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது. கீமோவில் முடி கொட்டியவர்கள் அது மீண்டும் வளர வேண்டும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுத்துக்கொள்வது வழக்கம். அதிக அளவு பயோட்டின் சில வகைக் கருவிகளில் இரத்தப் பரிசோதனை எண்ணையே பிறழச் செய்துவிடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. மாத்திரை எடுப்பதை லேபிலும் மருத்துவரிடமும் சொல்லி, இரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். தேதி, லேபின் பெயர், எண், அந்த வாரத்தில் உடம்பு எப்படி இருந்தது என்ற ஒரு வரி ஆகியவற்றைச் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து வரிசையாக எழுதிவந்தால், தனியாக நின்று மிரட்டும் எண் தன் இடத்தில் போய் உட்காரும். 11, 14, 12, 15 என்று ஆடிக்கொண்டிருப்பது வெறும் ஏற்ற இறக்கம். 8, 13, 21, 30 என்று போவது வேறு. எல்லாமே 35-க்குள் இருப்பதால் எந்தக் குறியும் அச்சாகியிருக்காது, ஆனாலும் அந்த வரிசையை மருத்துவரிடம் எடுத்துக் காட்டியே ஆக வேண்டும். மருத்துவ உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, சிகிச்சையில் இயல்பு நிலைக்கு இறங்கிய எண் பிறகு 70-ஐ எட்டி, குறைந்தது ஒரு வாரம் கழித்து எடுக்கும் மறுபரிசோதனையிலும் அதே அளவில் இருந்தால்தான், எண்ணின் அடிப்படையில் நோய் திரும்புவதாகக் கணக்கில் கொள்வார்கள். இயல்பு நிலைக்கு இறங்காமலே இருந்தவர்களுக்கு, அவர்களின் மிகக் குறைந்த எண்ணைப் போல் இருமடங்கு என்பது கணக்கு. 41 என்பது கவனிக்க வேண்டிய எண்தான். அதை வைத்து மட்டும் யாரும் முடிவு சொல்ல முடியாது.

எண் உண்மையிலேயே ஏறிக்கொண்டு போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, உடனே கீமோ தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடுமோ என்பது. இந்தக் கேள்வியையே நேராக எடுத்துக்கொண்ட ஒரு பெரிய ஆய்வு 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. உடம்பில் அறிகுறி எதுவும் இல்லாமல் சிஏ-125 மட்டும் இயல்பைப் போல் இருமடங்கைத் தாண்டிய 529 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே கீமோ தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு அறிகுறி தெரியும் வரை காத்திருந்தார்கள். முதல் பிரிவினர் ஏறத்தாழ ஐந்து மாதம் முன்னதாகவே கீமோவுக்குள் போனார்கள். ஆனால் அவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, அன்றாட வாழ்வின் தரம் மட்டும் முன்னதாகவே குறைந்தது. பதற்றத்தில் தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்: யோசிப்பதற்கும் கேட்பதற்கும் இரண்டாவது கருத்துப் பெறுவதற்கும் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு நடந்தபோது இன்றைய பார்ப் தடுப்பு மாத்திரைகள் (புற்றுச் செல்கள் தங்கள் டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்துகொள்வதைத் தடுப்பவை) இல்லை. மேலும், முதல் கீமோ முடிந்து ஆறு மாதத்திற்குப் பின் நோய் திரும்பியவர்களில், கட்டி முழுவதையும் அகற்ற முடியும் என்று கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மறு அறுவை சிகிச்சை ஆயுளை நீட்டியது என்று 2021-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால்தான் எண் ஏறியவுடன் மருத்துவர் சி.டி. அல்லது பெட் ஸ்கேன் எழுதித் தரக்கூடும். அவகாசம் இருக்கிறது என்பதற்கு, ரிவ்யூவைத் தள்ளிப்போடலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது.

காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வருவது, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, தொடர் வாந்தியோடு மலமும் காற்றும் வெளியேறாமல் நின்றுவிடுவது, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை தெரிந்தால் எண் என்னவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தியும் மலச்சிக்கலும் சேர்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே, தேவைப்பட்டால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு சிஏ-125 உயர்வதே இல்லை. ஆகவே எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக உடம்பு சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் இரண்டு காரியங்களைச் செய்யாதிருப்பது நல்லது. ஒன்று, மருத்துவர் சீட்டு இல்லாமலே எந்த லேபிலும் இரத்தம் கொடுக்க முடிகிறது என்பதற்காக வாராவாரம் போய் எடுத்துப் பார்ப்பது. அந்த இடைவெளியில் வரும் சிறு மாற்றங்களுக்குப் பொருள் கிடையாது. பணமும் தூக்கமும்தான் போகும். இன்னொன்று, உறவினர் அனுப்பும் செய்தியைப் பார்த்து முள் சீத்தா இலைக் கஷாயம் போன்றவற்றைத் தொடங்குவது. அவை கல்லீரலையும் இனி எடுக்க வேண்டிய மருந்துகளையும் பாதிக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வீட்டாருக்குத் தனியாக ஒன்று. ரிப்போர்ட்டை முதலில் வாங்கிப் பார்க்கும் மகன், “எல்லாம் நார்மல்தான்மா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்வது அன்பினால்தான். ஆனால் ஆறு முறை கீமோ ஏற்றிக்கொண்ட ஒரு பெண் மகனின் முகத்தைப் பார்த்தே முக்கால்வாசியைப் புரிந்துகொள்வார். மீதியைத் தனியாகக் கற்பனை செய்துகொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார். அடுத்த பரிசோதனைக்கு முன்பாகவே, “ரிப்போர்ட் வந்ததும் நீங்களே பார்க்கிறீர்களா, டாக்டர் முன்னால் பார்த்துக்கொள்ளலாமா?” என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் இரத்தம் கொடுப்பது, ரிப்போர்ட்டை நேராக மருத்துவமனைக்கே அனுப்பச் சொல்வது போன்ற சிறு ஏற்பாடுகள் காத்திருப்பைப் பெருமளவு குறைக்கும்.

பயத்தை அடக்கிவைப்பதைவிட அதற்கு ஒரு வேலை கொடுப்பது மேல். மனதில் சுழலும் கேள்விகளை அந்த நோட்டிலேயே எழுதுங்கள்: இந்த ஏற்றத்துக்கு வேறு காரணம் இருக்க முடியுமா, எப்போது திரும்ப எடுக்கலாம், எந்த எண்ணில் ஸ்கேன் தேவைப்படும், நோய் திரும்பியிருந்தால் எனக்கு என்னென்ன வழிகள் உள்ளன, பிஆர்சிஏ மரபணுச் சோதனை (இந்தப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை மாற்றம் உள்ளதா என்று பார்ப்பது) செய்தாயிற்றா. பகலில் நடப்பதும், நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவதும், இரவில் செல்போனில் தேடுவதை நிறுத்துவதும் உண்மையில் உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய்விட்டால், அதையும் சிகிச்சை தேவைப்படும் ஒரு பிரச்சினையாக மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

ஒவ்வொரு முறையும் எண்ணுக்காகக் காத்திருப்பதே வாழ்க்கையை விழுங்குகிறது என்றால், அறிகுறி இல்லாதபோது இந்தப் பரிசோதனை எனக்கு அவசியம்தானா, இடைவெளியைக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சில பெண்கள் அறிகுறிகளையும் உடல் பரிசோதனையையும் மட்டும் நம்பியிருக்க முடிவெடுக்கிறார்கள். வேறு சிலருக்கு எண் தெரிந்தால்தான் நிம்மதி. பார்ப் மாத்திரை எடுப்பவர்களுக்கும், மறு அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புள்ளவர்களுக்கும் மருத்துவர் பரிசோதனையைத் தொடரச் சொல்ல வலுவான காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கேட்டறிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.