ஃபேன்டஸி வாசகர்கள் நண்பர்களைத் தேடும்போது செய்யும் தவறுகள்

மாய உலகங்களைச் சொல்லும் ஃபேன்டஸி நாவல்களைத் தீவிரமாக வாசிக்கும் பலருக்கும் ஒரு தனிமை இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அந்தக் கதாபாத்திரங்களின் பெயர் தெரியாது. அலுவலகத்தில் பேச்செடுத்தால், "இதெல்லாம் குழந்தைகள் படிக்கிறதுதானே?" என்று கேட்பார்கள். 800 பக்க நாவலை நள்ளிரவில் முடித்துவிட்டு, அந்த முடிவைப் பற்றிப் பேச ஒரு ஆள்கூட இல்லாமல் படுத்துக்கொள்வது உண்மையிலேயே கஷ்டம். அந்த ஏக்கம் அதிகமாக இருப்பதாலேயே, பேச ஆள் கிடைக்கும்போது பலர் அவசரப்பட்டு வந்தவரையும் விரட்டிவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த அதே தொடர், அதே கதாபாத்திரம், அதே அளவு வெறி உள்ள ஆள்தான் வேண்டும் என்று காத்திருப்பதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். அப்படி ஒருவர் நம் ஊரில் இருக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. இருந்தாலும் அவரோடு நட்பு அமையும் என்று உறுதி கிடையாது.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கீனும் நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸும் பழகிய விதத்தைப் பார்த்தால் இது புரியும். இருவரும் 1926-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் சந்தித்தார்கள். முதல் சந்திப்பில் லூயிஸுக்கு டோல்கீன் மீது பெரிய மதிப்பொன்றும் வரவில்லை. பாடத்திட்டம் பற்றிய சண்டையிலும் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். அவர்களைச் சேர்த்தது, பழைய ஐஸ்லாந்துக் கதைகளை மூலமொழியிலேயே வாசிப்பதற்காக டோல்கீன் தொடங்கிய ஒரு சின்ன வாசிப்புக் குழு. வடக்கு ஐரோப்பியத் தொன்மங்கள் மீது சிறுவயதிலிருந்தே லூயிஸுக்குப் பித்து. டோல்கீனின் முதல் ஃபேன்டஸி நாவலான 'தி ஹாபிட்' 1937-ல் வெளிவருவதற்குப் பத்து வருடங்களுக்கும் மேல் முன்பே, வேறொரு வகைக் கதை வழியாக அந்த நட்பு தொடங்கிவிட்டது.

எனவே, அட்டையில் டிராகன் போட்ட புத்தகத்தை வைத்திருப்பவரை மட்டும் தேடாதீர்கள். நம் ஊரில் ஆங்கிலத் தொடர் ஒன்றுகூடப் படிக்காத ஒருவர் சிறுவயதில் அம்புலிமாமாவில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறுவதற்காகக் காத்திருந்திருப்பார். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி மறைந்துபோவதைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பார். விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவராகவும் இருக்கலாம். இவர்களுக்கு மாயம் என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து கூடுகிறார்கள். ஃபேன்டஸி வாசகர்களுக்கும் அப்படி ஒரு கூட்டம் அமைய வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது பரீட்சை வைப்பது. இதை நான் மன்னிக்க முடியாத தவறாகவே நினைக்கிறேன். ஒருவர் ஆர்வமாக, "எனக்கும் அந்தக் கதை பிடிக்கும்" என்று வருகிறார். உடனே, "புத்தகம் படிச்சீங்களா, படம் மட்டும் பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி. அப்புறம் ஏதோ ஒரு வாளின் பெயர், ஏதோ ஒரு ராஜாவின் தாத்தா பெயர். பெண் வாசகர்களுக்கு இந்தக் கேள்விகள் இன்னும் கூடுதலாக வருவதைப் பார்த்திருக்கிறேன். 2001 முதல் 2003 வரை வந்த மூன்று 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களைப் பார்த்துவிட்டு டோல்கீனின் நாவலுக்குப் போன வாசகர்கள் ஏராளம். எந்தக் கதவு வழியாக வந்தால் என்ன? வந்தவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?"

ஆட்களை வாசலிலேயே நிறுத்தும் இந்தப் பழக்கம் பழையது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், கலாட்டா செய்வார்கள் என்ற பயத்தில், இன்னொரு ரசிகர் குழுவைச் சேர்ந்த சில இளைஞர்களை உள்ளே விடவில்லை. அவர்களில் ஒருவரான டொனால்ட் வோல்ஹைம் 1971-ல் அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸிக்கும் என்றே ஒரு பதிப்பகம் தொடங்கினார். வாசலில் நிற்பவர் நாளை யாராக வருவார் என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, ஆள் கிடைத்துவிட்டார். அவர் கையில் முதலில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? தனக்கு மிகவும் பிடித்ததையே கொடுப்பது பலரும் செய்யும் தவறு. ராபர்ட் ஜோர்டன் 1990-ல் தொடங்கிய 'வீல் ஆஃப் டைம்' தொடர் 14 பெரிய தொகுதிகள். அவர் 2007-ல் இறந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-ல்தான் முடிந்தது. அதன் முதல் தொகுதியை ஒருவரிடம் கொடுத்தால், அவருடைய அடுத்த இரண்டு வருடங்களையும் சேர்த்துக் கேட்கிறோம் என்று அர்த்தம். அதேபோல, டோல்கீன் இறந்தபின் 1977-ல் வந்த, அவருடைய கற்பனை உலகின் பழங்கதைகளைச் சொல்லும் சில்மரில்லியனை ஒரு புது வாசகருக்குப் பரிசளிக்கவே கூடாது. பெயர்களிலேயே திணறிவிடுவார்.

ஒரே நூலாக நிற்கக்கூடிய, மெலிந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1968-ல் உர்சுலா லெ குவின் எழுதிய, எர்த்ஸீ தொடரின் முதல் நாவலை நான் எப்போதும் சிபாரிசு செய்வேன். சுமார் 200 பக்கம்தான். ஆனால் படித்தவரோடு மணிக்கணக்கில் பேசலாம். சிரிக்கப் பிடிக்கும் ஆளாக இருந்தால் டெர்ரி பிராட்செட். அவருடைய டிஸ்க்வேர்ல்ட் தொடரில் 41 நாவல்கள் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அவற்றை வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை, நடுவில் எங்காவது நுழையலாம். நகரக் காவலர்களின் கதையான, 1989-ல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நல்ல நுழைவாயில்.

படித்து முடிக்காதவரிடம் கதையை உடைப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நடக்கிறது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் தொடரில் நடந்தது சுவாரஸ்யமானது. 2011-ல் அது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, அடுத்து யார் சாவார்கள் என்பது புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஐந்தாம் புத்தகமும் அதே ஆண்டு வந்தது. ஆறாவது வராமலே போக, 2016-ல் தொலைக்காட்சித் தொடர் புத்தகங்களைத் தாண்டிப் போய்விட்டது. கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமோ என்று இந்தமுறை பயந்து ஓடியவர்கள் வாசகர்கள். "எந்த அத்தியாயம் வரை வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். அது போதும்.

இனி, நான் மிக முக்கியமானதாகக் கருதும் தவறு. நமக்குப் பிடித்த நூலை ஒருவர் குறை சொன்னால், நம்மையே குறை சொன்னதாக எடுத்துக்கொள்வது. நல்ல குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனும் லூயிஸும் இருந்த 'இங்க்ளிங்ஸ்' குழு வியாழன் இரவுகளில் லூயிஸின் கல்லூரி அறையில் கூடும். எழுதிக்கொண்டிருப்பதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விமர்சிப்பார்கள். செவ்வாய்க் காலைகளில் ஒரு மதுக்கடையில் சும்மா அரட்டை. டோல்கீன் தன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை அந்த வியாழன் கூட்டங்களில்தான் பகுதி பகுதியாக வாசித்தார். குழுவில் இருந்த ஹியூகோ டைசனுக்கு அது பிடிக்கவே இல்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு, டைசன் இருக்கும்போது அதை வாசிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. லூயிஸின் நார்னியா கதைகள் டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை.

அதனால் எல்லாம் முடிந்துவிட்டதா? பிற்காலத்தில் இருவருக்கும் இடையில் நெருக்கம் குறைந்தது உண்மை. ஆனால் 1954-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை ஏற்கத் தயங்கிய லூயிஸைச் சம்மதிக்க வைத்தவர் டோல்கீன். 1961-ல் டோல்கீனை இலக்கிய நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தவர் லூயிஸ். லூயிஸ் தந்த ஊக்கம் இல்லாவிட்டால் தன் நாவலை முடித்தே இருக்க மாட்டேன் என்று டோல்கீன் எழுதியிருக்கிறார். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் பிடிக்காமல் போனபோதும் இவ்வளவு நடந்திருக்கிறது. வேறு யாரோ எழுதிய புத்தகத்துக்காக நாம் பேச்சை முறித்துக்கொள்ளத் தேவையே இல்லை. "எனக்கு இது ஒத்துவரல" என்று நண்பர் சொன்னால், எந்த இடத்தில் விலகினார் என்று கேளுங்கள். நாம் பார்க்காத ஒன்றை அவர் அங்கே பார்த்திருக்கக்கூடும்.

பெரிய குழுக்களில் மட்டும் இருந்துவிடுவதும் தவறு. ஆயிரம் பேர் உள்ள வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் தகவல் கிடைக்கும், நட்பு கிடைப்பது கஷ்டம். அங்கிருந்து நான்கைந்து பேரைக் கண்டுபிடித்து, மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு நேரில் சந்தியுங்கள். நாள் மாறாமல் இருப்பது முக்கியம். 'எல்லாருக்கும் வசதியான நாள்' பார்த்தால் அது வரவே வராது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், ஜனவரியையொட்டி நந்தனம் புத்தகக் காட்சி என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. முதல் சந்திப்பு எப்போதும் இப்படிப்பட்ட பொது இடத்திலேயே இருக்கட்டும். யாருடைய வீட்டிலும் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடு வர வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு நாள் தேடுகிறீர்கள் என்றால் மார்ச் 25 இருக்கிறது. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வில்லன் சௌரான் வீழ்ந்த நாள் அது. பிரிட்டனில் 1969-ல் தொடங்கிய டோல்கீன் சொசைட்டி, 2003 முதல் அந்த நாளை வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. ஆளுக்கு இரண்டு பக்கம் உரக்க வாசித்தாலே ஒரு மாலை போய்விடும், டோல்கீனைத்தான் வாசிக்க வேண்டும் என்றும் இல்லை.

கடைசியாக, பணமும் புத்தகமும். இந்த நூல்கள் விலை அதிகம், எல்லோராலும் வாங்க முடியாது. ஆளுக்கு ஒரு தொகுதி வாங்கிச் சுற்றில் விடுவது நல்ல வழி. ஆனால் யாரிடம் எது போயிற்று, எப்போது திரும்பும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு மனதுக்குள் புழுங்குவதால் கெட்டுப்போகும் நட்புகள் அதிகம். எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி, அப்பா வாங்கிக் கொடுத்த பதிப்பு போன்றவற்றை இரவல் தரவே வேண்டாம். "இது மட்டும் தர மாட்டேன், வேணும்னா வந்து இங்கேயே படி" என்று சொன்னால் நல்ல நண்பர் தப்பாக நினைக்க மாட்டார்.