அமெரிக்காவில் லாரி ஓட்டுபவர்களுக்கு: 30 நிமிட இடைவேளையும் 14 மணிக் கணக்கும்

அமெரிக்காவில் நெடுந்தூரச் சரக்கு லாரி ஓட்டப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது 30 நிமிட இடைவேளையில்தான். வேலைக்கு வந்து 8 மணி நேரம் ஆனதும் எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வண்டி ஓட்டிய நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள், அது 8 மணி ஆனால்தான் கட்டாயம். 2020-இல் விதி மாறியதிலிருந்து டீசல் போடுவது, சரக்கு இறக்கக் காத்திருப்பது எல்லாமே இந்த இடைவேளையாகக் கணக்கில் சேரும், ஓட்டாமல் தொடர்ந்து 30 நிமிடம் இருந்தால் போதும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தால் செல்லாது.

இதைவிட முக்கியம் 14 மணிக் கணக்கு, அதாவது வேலை தொடங்கி 14 மணி நேரம் ஆனபின் ஓட்டக் கூடாது. வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து அது ஓடும், இந்த அரை மணிக்காக நிற்காது. அதற்குள் ஓட்டலாம் என்பது 11 மணி நேரம்தான், அப்புறம் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வை இரண்டாகப் பிரிக்கவும் வழி உண்டு: லாரியின் படுக்கையில் ஒரே மூச்சாகக் குறைந்தது 7 மணி, இன்னொரு ஓய்வு குறைந்தது 2 மணி, இரண்டும் சேர்ந்து 10 வர வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டுமே 14-இல் சேராது. கிடங்கில் மணிக்கணக்காகக் காக்க வைக்கும் நாட்களில் இது பெரிய உதவி, ஆனால் அந்த நேரத்தை ஓய்வு என்றே பதிவு செய்திருக்க வேண்டும்.

கண் சொருகினால் 8 மணி ஆகட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஓரம் கட்டுங்கள். களைப்போடு ஓட்டக் கூடாது என்று விதியே சொல்கிறது, ஓட்டச் சொல்லி நிறுவனமும் வற்புறுத்த முடியாது.