முந்நூறு ரூபாய் லூருக்காகக் கீழே இறங்காதீர்கள்: பாறையில் தூண்டில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, முட்டம் பாறை. நாகர்கோவிலிலிருந்து பைக்கில் வந்த நாலு பையன்கள் எனக்கு முன்பே இடம் பிடித்திருந்தார்கள். புது ராடு, புது ரீல், காலில் ரப்பர் செருப்பு. அரை மணி நேரத்தில் ஒருவனுடைய லூர் (மீன் மாதிரி செய்த போலி இரை) கீழே பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. ராடைக் கூட்டாளி கையில் கொடுத்துவிட்டு நரம்பை, அதாவது தூண்டில் நூலை, பிடித்தபடி இறங்கத் தொடங்கினான்.

"தம்பி, மேல ஏறு" என்று கத்தினேன்.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி, புது லூரு."

பதினோரு வருடத்துக்கு முன்பு ஏறக்குறைய அதே இடத்தில் நான் சொன்ன பதிலும் இதுதான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்காலில் நாலு கீறலோடு ஏறி வந்தான். எனக்குத்தான் அன்றைக்கு மீன் பிடிக்க மனம் ஓடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

குடித்துவிட்டுப் போகாதே, இருட்டில் டார்ச் இல்லாமல் போகாதே என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். விவரம் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சிக்கின லூரை எடுக்க இறங்குவது

மற்றவற்றை ஒரு பாட்டுத் திட்டிவிட்டு மறந்துவிடுவேன். இதை மட்டும் என்னால் முடிவதில்லை.

லூரும் ஈயமும் பெரும்பாலும் எங்கே மாட்டுகின்றன? பாறை வெடிப்பில், அல்லது சிப்பிக் கொத்தில். சிப்பி கல்லில் தன் நாரால் ஒட்டிக்கொண்டு, அலை கொண்டுவரும் நுண்ணிய இரையை வடிகட்டித் தின்று வாழ்கிறது. கடல் வெள்ளம், அதாவது கடல் நீர், வந்து போகாத இடத்தில் அதற்குப் பிழைப்பு இல்லை. ஆகவே ஓர் இடத்தில் சிப்பி கொத்துக்கொத்தாகத் தெரிகிறதென்றால், அங்கே கடல் வழக்கமாக வருகிறது, இப்போது கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். நீங்கள் இறங்குவது கடலின் வீட்டு முற்றத்துக்கு.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "இப்ப வத்தம் அண்ணாச்சி, பயமில்ல" என்கிறார்கள். நம் கரையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். இங்கே ஆளை அடிப்பது வற்றமும் ஏற்றமும் அல்ல, அலை. பத்து நிமிடம் பாறையின் அடியைத் தொட்டுத் தடவிக்கொண்டிருக்கும். பிறகு இரண்டு மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து இடுப்பு உயரத்துக்கு ஏறும். இறங்குகிறவன் கணக்கில் வைத்துக்கொள்வது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்.

என் கதைக்கு வருகிறேன். பச்சை முதுகு, வெள்ளி வயிறு, 280 ரூபாய் லூர். அன்றைக்கு அது எனக்குப் பெரிய காசு. பக்கத்துப் பாறையில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கடியபட்டணத்துப் பாட்டா ஒருவர் நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "லேய் மக்கா, அறுத்து விடுலே. நாளைக்கு வேற கெட்டிக்கலாம்" என்றார். நான் கேட்கவில்லை. லூருக்கு இரண்டு முழம் இருக்கும்போது அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை, முழங்கால் அளவுதான். அது திரும்பும்போது காலை வாரியது. எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: விழாமலிருக்க வலது கையை ஊன்றினேன். ஊன்றிய இடம் சிப்பிக் கொத்து.

சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தில் இரண்டு அங்குலக் கிழிசல். முதலில் வலியே தெரியவில்லை, கடல் வெள்ளத்தின் எரிச்சல் மட்டும்தான். லூரும் கிடைக்கவில்லை. மேலே ஏறி, தலையில் கட்டியிருந்த துவர்த்தை அவிழ்த்துக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, இன்னும் இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் என்மீதே எரிச்சல் வருகிறது.

வீட்டில் கேட்டால் பாறைக்குப் போவதையே நிறுத்திவிடுவாள் என்று "கம்பி கிழிச்சிட்டு" என்றேன். மூன்றாம் நாள் கை வீங்கியது. டாக்டரிடம் போனால் மனைவியும் பக்கத்தில் நிற்கிறாள். அவரிடமும் அதே கம்பிக் கதைதான். அவர் கம்பிக் காயத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். மேல்தோல் மூடிக்கொண்டது. உள்ளே சீழ் வைத்தது, மருந்து முடிந்ததும் மறுபடி வீங்கியது. நான்காவது வாரம், மனைவி வெளியே போன நேரம் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நகம் வெட்டிய துண்டு மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. திறந்து எடுத்தார்கள். தவிட்டு நிறத்தில், அரிசி நீளத்துக்கு, சிப்பி ஓட்டுச் சில்லு.

மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு வலது கை ஐந்து வாரம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

சரி, மாட்டினால் என்ன செய்வது? முதலில் நரம்பைத் தளர்த்தி விட்டு, பக்கவாட்டில் பத்தடி நடந்து வேறு கோணத்தில் சுண்டிப் பாருங்கள். பாதிக்குப் பாதி கழன்றுவிடும். வராவிட்டால் அறுங்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. ராடை வளைத்து இழுத்தால் ராடு முறியும். ஒரு சாண் மூங்கில் துண்டிலோ பிவிசி குழாயிலோ நரம்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலைக்கு எட்டாத சமதளத்தில் பின்னால் நடங்கள். முகத்தைத் திருப்பச் சொல்வது சும்மா இல்லை: இழுபட்ட ஈயம் கழன்றால் கவண்கல் மாதிரி நேரே உங்களை நோக்கித்தான் வரும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் நல்லது.

முன்யோசனை உள்ளவர்கள் ஈயத்தை மட்டும் மெல்லிய தங்கூசியில் (நைலான் நரம்பில்) தனியாகக் கட்டுவார்கள். மாட்டினால் அது அறுந்து ஈயம் மட்டும் போகும், தூண்டிலும் மீனும் திரும்பி வரும். ஈயத்துக்குப் பதில் மெக்கானிக் கடையில் தூக்கிப் போடும் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டினால் அதற்கும் செலவு இல்லை. லூர்தான் போடுவேன் என்றால், பாறைக்கு வரும்போதே இரண்டு லூர் கடலுக்கு என்று எழுதிவைத்துவிட்டு வாருங்கள். அதற்கு மனம் வராதவர்கள் மணல் கரையில் போடலாம். அங்கேயும் மீன் இருக்கிறது.

ஈரப் பாறையில் கையை ஊன்றுவது

பாறையைப் படிக்கப் பழக வேண்டும். மேலே வெளுத்து உலர்ந்திருப்பது நடக்கிற இடம். அதற்குக் கீழே கறுத்திருப்பது காய்ந்திருக்கும்வரை பிடிக்கும், நனைந்தால் சோப்பு. பச்சைப்பாசி எப்போதுமே சோப்பு. இன்னும் கீழே கொட்டலசு என்ற சின்ன ஓட்டுப் பிராணி ஒட்டிய சொரசொரப்பு. இங்கே காலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது, அதனால் பலர் நம்பி இறங்குகிறார்கள். ஆனால் அதன் ஒவ்வொரு விளிம்பும் உடைந்த கண்ணாடி. தோலைக் கிழிப்பதோடு நிற்காமல் தானும் உடைந்து உள்ளே தங்கும்.

வழுக்கினால் கை தானாகத்தான் போகும், தடுக்க முடியாது. ஆகவே கைக்கு உறை போடுங்கள். கட்டட வேலைக்காரர்கள் போடும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய பருத்தி உறை போதும், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ராடு பிடிக்கும் கையில் தொந்தரவாக இருக்கிறது என்றால் மற்ற கைக்காவது போடுங்கள். ராடு பிடிக்காத கைதான் முதலில் ஊன்றும். நடக்கும்போது உடம்பைத் தாழ்த்தி, கஷ்டமான இடத்தில் உட்கார்ந்தே நகருங்கள். பார்க்க அழகாக இருக்காது. பேன்ட் கிழியும். கிழியட்டும்.

ரப்பர் செருப்பு

வேண்டாம். கம்பூட்ஸும் வேண்டாம், வெள்ளம் புகுந்தால் அது நங்கூரம். பழைய கேன்வாஸ் ஷூ.

சிப்பி பறிக்கிறவர்களைப் பார்த்துத் தைரியம் கொள்வது

"அவங்க வெறுங்காலோட போறாங்களே" என்று ஒரு பேச்சு எப்போதும் வரும். அவர்கள் பத்து வயதிலிருந்து அந்தக் கல்லில் நடந்தவர்கள். எந்தக் கல் எந்தக் காற்றுக்கு எப்படி அடிக்கும் என்று தெரிந்து, அலை ஒதுங்கும் நேரம் பார்த்து உளியோடு முங்குகிறார்கள். அப்படியும் அவர்களுடைய முழங்காலையும் விரல்களையும் ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடலுக்கு முதுகு காட்டுவது

இரை மாற்ற, செல்பி எடுக்க, பையைத் திறக்க என்று கடலுக்கு முதுகைத் திருப்பி நிற்பது.

நம் பக்கத்தில் கள்ளக்கடல் என்று சொல்வதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். காற்று இல்லை, மழை இல்லை, இங்கே புயலும் இல்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெருங்கடலில் அடித்த காற்று கிளப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனதே, கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. அது மணல் கரை. பாறையில் அதே அலை ஆளை இழுப்பதோடு சிப்பிமேல் போட்டுத் தேய்க்கவும் செய்யும்.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற அரசுக் கடல் தகவல் மையம் அலை முன்னறிவிப்பைத் தினமும் வெளியிடுகிறது. அதில் அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்றும் போட்டிருக்கும். அந்த எண் பதினைந்தைத் தாண்டினால் நான் வீட்டில் தூங்குவேன். மற்ற நாட்களில், போனவுடன் பையை இறக்காமல் இருபது நிமிடம் நின்று, மிகப் பெரிய அலை எதுவரை நனைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கும் மேலே நிற்பேன். கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள்.

நரம்பைக் கையில் சுற்றுவது

பின்னல் நரம்பு விரலை எலும்புவரை அறுக்கும். மேலே சொன்ன மூங்கில் துண்டு எதற்கு?

முள்ளு மீனை அவசரமாகக் கழற்றுவது

பாறையில் அடிக்கடி ஏறுவது ஓரா. முதுகில் 13 முள், அடியில் 7, வயிற்றுப் பக்கம் வேறு நாலு, எல்லாமே விஷ முள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வழுக்கும் பாறையில் நின்றுகொண்டு, துள்ளுகிற மீனை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ஈரத் துணியால் மூடி, குறடால் தூண்டிலைக் கழற்றுங்கள்.

குத்திவிட்டால் வெந்நீர்தான் முதல் மருந்து. 45 டிகிரியைத் தாண்டாமல், பொறுக்கிற சூட்டில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கையை முக்கி வைத்தால் வலி நன்றாகவே தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் தொட்டுப் பாருங்கள். குத்துப்பட்ட கை வலியில் சூடு தெரியாமல் வெந்துபோகும். நாங்கள் டீக்கு ஒரு பிளாஸ்க், வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க் கொண்டுபோகிறோம். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ பிளாஸ்கை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காயத்தில் காப்பிப் பொடி

காப்பிப் பொடி, மஞ்சள், மண்ணெண்ணெய், பைக்கிலிருந்து உறிஞ்சிய பெட்ரோல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். "கடல் வெள்ளமே மருந்துதானே" என்பது இன்னொரு வகை. வெதுவெதுப்பான கடல் வெள்ளத்திலும் சிப்பியிலும் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகளில் ஒன்று காயம் வழியாகவும் உள்ளே போகும். ஈரல் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள் உடம்பில் அது ஒரு நாளுக்குள் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். வேறொரு கிருமி இதற்கு நேரெதிர்: காயம் ஆறிய பிறகு, சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு சிறு கட்டியாக எழும்பும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தூண்டில் போடுவதை அன்றைக்கு நிறுத்துங்கள். குடிக்கக் கொண்டுபோன பாட்டில் தண்ணீர் முழுவதையும் காயத்தில் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டுச் சில்லை எடுங்கள், ஆழத்தில் இருப்பதைக் குத்திக் கிளறாதீர்கள். ரத்தம் நிற்கச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். பசை போட்டோ பிளாஸ்திரியால் இறுக்கியோ மூடாதீர்கள், அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகும். ஆழமான காயமென்றால் அன்றே டாக்டரைப் பார்த்து, டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா என்று கேளுங்கள். "கடலில் சிப்பி கிழித்தது" என்ற மூன்று வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள், கொடுக்கிற மருந்தே மாறும். சிவப்பு பரவினாலோ, கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மனைவியிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

அந்தக் கடியபட்டணத்துப் பாட்டாவின் வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு காரியமாகப் போயிருந்தேன். அவருடைய மகன் சிப்பி பறிக்கிறவர். பேச்சுவாக்கில் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். முங்கும்போது பாறையிலிருந்து கழற்றி எடுத்த லூர்கள், நூறுக்கு மேல் இருக்கும். சில துருப்பிடித்து, சில புதிது போல. ஒன்று 50 ரூபாய் என்று வருகிற பையன்களுக்கே திருப்பி விற்கிறாராம். "உனக்குள்ளது இருக்கா பாருலே" என்றார் பாட்டா. தரையில் கொட்டித் தேடினேன். பச்சை முதுகில் மூன்று இருந்தன, வெள்ளி வயிறு ஒன்றுக்கும் இல்லை.